பிளக்கைப் பிடுங்கியது நான்தான்

எங்கள் சபையில் திராட்சரசம் காய்ச்சுவது என் வேலை. கடையில் விற்கிற ஒயின் எங்கள் பாத்திரத்தில் ஏறாது. மெதடிஸ்ட்காரர்களுக்கு அது ஒரு வைராக்கியம். மாதத்தின் முதல் ஞாயிறு இராப்போஜனம்; இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் வாங்குவோம். அதற்கு முந்தின சாயங்காலம் பன்னீர் திராட்சை வாங்கி, கழுவி, கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, பாட்டிலில் ஊற்றி, கோயில் பின்னறை பிரிட்ஜில் வைப்பேன். காலையில் சின்னச் சின்னக் கிளாஸில் ஊற்றி, தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணி போட்டு மூடுவேன். பத்தாவதுகூடத் தாண்டாதவள் நான். கர்த்தர் எனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறார் என்று அதில் ஒரு சந்தோஷம்.

அந்த வருஷம் எங்கள் ஐயர் வார்டு எலெக்‌ஷனில் நின்றார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். ஸ்ரீரங்கத்தில் பக்கத்து வீட்டு மாமி இதைக் கேட்டுச் சிரிப்பார்: "உங்காத்து ஐயரா, எங்காத்து ஐயரான்னு சொல்லிட்டுப் பேசுடி, குழம்பறது!"

ஐயரை எலெக்‌ஷனுக்கு இழுத்தது ஒரு ஒயின்ஷாப். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். என் வீட்டுக்காரருக்கு அரியமங்கலத்தில் லேத் பட்டறையில் வேலை. வீட்டுக்கு வரச் சத்திரத்தில் பஸ் மாற வேண்டும். அங்கே இறங்கினால் கால் தானாக அந்தப் பக்கம் போகும். கடைசியில் வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்தார். டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "இனி ஒரு மூடி உள்ள போனாலும் எங்களால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ஒரு தடவை தொட்டா நிறுத்தவும் மாட்டாரு." ஐயர் கையைப் பிடித்து, இனித் தொட மாட்டேன் என்று இவர் பொருத்தனை பண்ணினார். அன்றிலிருந்து காலண்டரில் தினம் ஒரு பென்சில் கோடு போட்டு வந்தேன். ஏழு மாசம்.

அந்தக் கடையை மூடச் சொல்லி ஐயர் கொடுக்காத மனு இல்லை. "வெளிய நின்னு கத்துனா நாய் குலைக்குதுங்கறாங்க. உள்ள போய் உக்காந்து கேக்கறேன்" என்று சுயேச்சையாக நின்றுவிட்டார். அரசியலுக்குப் போவதானால் ஊழியத்தை விட வேண்டும் என்று சபை மேலிடம் சொன்னது. விலகல் கடிதமும் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை ஓட்டு. அதற்கு முந்தின ஞாயிறு அவருடைய கடைசி ஆராதனை. இராப்போஜனமும் அன்றைக்குத்தான்.

கிடைத்த சின்னம் டம்ளர். கேட்கவா வேண்டும்? டீக்கடையில் நின்று கூப்பிடுவார்கள்: "ஐயரே, டம்ளர் குடுத்துட்டீங்க, சைடிஷ் எப்ப?" இன்னொருத்தர், "உங்க கோயில்லயே ஒயின் ஊத்துறீங்களாமே!" என்பார். ஐயர் மைக்கிலேயே பதில் சொல்வார்: "எங்க பாத்திரத்துல புளிச்சது ஒரு சொட்டு கிடையாது. யார் வேணா வந்து மோந்து பாருங்க!"

வியாழன் முதல் பிரசாரம் மும்முரம். நேரம் இருக்காது என்று புதன்கிழமையே ரசம் காய்ச்சி வைத்துவிட்டேன். வியாழன் காலை மைக் செட் பேட்டரியில் சார்ஜ் இல்லை. பின்னறையில் இருப்பது ஒரே பிளக் பாயிண்ட். பிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு பேட்டரியைச் சொருகினேன். அரை மணி நேரம்தானே என்று நினைத்தேன். பிறகு மலைக்கோட்டைப் பக்கம் கடை கடையாக நோட்டீஸ் கொடுக்கக் கிளம்பினோம். பிரிட்ஜ் என் நினைவிலேயே இல்லை. அடிக்கிற வெயிலில் மூன்று நாள் அது அப்படியே கிடந்தது.

ஞாயிறு காலை பாட்டிலைத் திறந்தேன். மூடி 'டப்'பென்று தெறித்தது. நுரை பொங்கி என் சேலையில் வழிந்தது. அந்த வாசம் எனக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் என் வீட்டுக்காரர் சட்டையில் துவைத்த வாசம்.

வெளியே முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் ஐயரை எதிர்த்து நிற்கிற கட்சியின் ஆள் ஒருத்தர், கையில் போன். மோந்து பார்க்கவே வந்திருக்கிறார். இப்போது போய்ச் சொன்னால் ஐயர் கதை முடிந்தது. 'லேசாத்தானே புளிச்சிருக்கு. யாருக்குத் தெரியப் போகுது? நம்ம வீட்டுக்காரருக்கு நேத்து ராத்திரியே வயித்துவலி, வர மாட்டாரு.' இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு எல்லாக் கிளாஸிலும் ஊற்றி, துணியை மூடி, கொண்டுபோய் வைத்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஆண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் வெள்ளைச் சட்டை. அவர்தான். வந்துவிட்டார்.

ஐயர் என்ன பிரசங்கம் பண்ணினார் என்று எனக்குத் தெரியாது. பலர் அழுதார்கள். எழுந்திரு என்று உள்ளே ஒரு சத்தம். இன்னும் கொஞ்சம் பொறு என்று இன்னொரு சத்தம். முதல் வரிசை போய் முழங்கால் போட்டது, வாங்கியது, குடித்தது. ஒரு அம்மா மட்டும் முகத்தைச் சுளித்தார். இரண்டாவது வரிசை எழுந்தது. என் வீட்டுக்காரர் அப்பத்தை வாங்கினார். தட்டு அவரிடம் வந்தது. கிளாஸை எடுத்தார். மூக்குக்கிட்டே போனதும் கை நின்றுவிட்டது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"குடிக்காதீங்க!"

அவ்வளவு பெரிய சத்தம் என் தொண்டையில் இருந்தது எனக்கே தெரியாது. ஓடிப்போய் கிளாஸைப் பிடுங்கினேன். பாதி தரையில் கொட்டியது. "ஐயா, ரசம் புளிச்சுப்போச்சு. நான்தான் பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன். தெரிஞ்சேதான் ஊத்தி வெச்சேன்."

ஐயர் ஒரு கிளாஸை எடுத்து முகர்ந்தார். அவர் முகம் வெளுத்தது. கடைசி பெஞ்சில் போன் உயர்ந்திருந்ததை அவரும் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்துச் சொன்னார்: "இந்த ரசம் புளிச்சிருக்கு. இன்னிக்கு அப்பம் மட்டும்." தட்டை அவரே தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கொட்டிவிட்டு வந்தார்.

மத்தியானத்துக்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் போய்விட்டது. 'ஐயர் கோயிலில் சரக்கு' என்று தலைப்பு போட்டிருந்தார்கள். ஐயர் தோற்றார். கடை இன்றைக்கும் திறந்திருக்கிறது.

அன்று வீடு திரும்பும்போது பஸ் காவேரிப் பாலத்தில் மெதுவாக ஊர்ந்தது. என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "நீ கத்தலைன்னா குடிச்சிருப்பேன். சாமி கையால குடுக்கறதுதானேன்னு குடிச்சிருப்பேன். வேண்டாம்னு சொல்ல எனக்கு பலம் இல்ல."

அந்த வாரக் கடைசியில் ஐயர் வீட்டுக்கு வந்தார். அங்கியில்லாமல் சாதாரணச் சட்டையில் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நான் காலில் விழப் போனேன். "எந்திரிம்மா" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். காலண்டரைப் பார்த்தார். பென்சில் கோடு விடாமல் வந்திருந்தது. பிறகு கேட்டார்: "தோத்ததுக்கு நான் அழலை. பாட்டிலைத் திறந்தப்பவே தெரிஞ்சிருக்கே. ஏம்மா உடனே வரலை?"

"நீங்க ஜெயிக்கணும்னுதான் ஐயா" என்றேன்.

"நான் எதுக்கு ஜெயிக்கணும்னு நின்னேன்?" என்று கேட்டார். சமையலறை வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரரைத்தான் அப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

காபி கொண்டுவந்து வைத்தேன். ஐயர் முதல் டம்ளரை எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.