பங்களா கீப்பர் விருந்தினரான சனிக்கிழமை

கொஞ்ச நாட்களுக்கு முன் எங்கள் ஒபிசில் ஒருவர் ஓய்வுபெறும் விண்ணப்பப் போம் நிரப்ப வந்தார். இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? பொறுங்கள்.

வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் — திருகோணமலையில், துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு அரச அலுவலகத்தில் எனக்கு வேலை. திணைக்களத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். இன்னும் சில வருடச் சேவை மிச்சம் இருக்கிறது. என் பதவியின் பெயர் ஒரு வரிக்குள் அடங்காது. எல்லோரும் 'சீப் கிளாக் மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளம், லீவு, இடமாற்றம், ஓய்வூதியம்... ஆட்களுடைய பைல்கள் எல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும்.

வந்தவர் யோகராசா அண்ணை. நிலாவெளியில் கடற்கரையோரமாக எங்கள் திணைக்களத்துக்கு ஒரு பங்களா இருக்கிறது. வேலை விஷயமாக வரும் உத்தியோகத்தர்கள் தங்குவதற்காகக் கட்டியது. மற்ற நாட்களில் திணைக்களத்து ஆட்கள் குடும்பத்தோடு வந்து குறைந்த வாடகைக்குத் தங்கலாம். யோகராசா அண்ணை அதன் கீப்பர். கூட்டுவது, சமைப்பது, பைப் உடைந்தால் திருத்துவது, வருகிறவர்களின் பிள்ளைகள் கடலில் தூரம் போகாமல் பார்ப்பது — எல்லாம் அவர்தான்.

யுத்தத்தில் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் தற்காலிகமாகக் கிடைத்த வேலை அது. பிறகு நிரந்தரமாக்கினார்கள். ஊர்ச் சனம் திரும்பிப் போனபோதும் அவர் போகவில்லை. நிலாவெளி உள்வீதியில் ஒரு சின்ன வீட்டில் மனைவியோடு இருந்துவிட்டார். இரண்டு பிள்ளைகளும் கலியாணம் முடித்துத் தூர இடங்களில்.

போமை நிரப்பிக்கொண்டே வந்தேன். எடுக்காத லீவு எவ்வளவு? பைலைப் புரட்டினேன்... ஏறக்குறைய எல்லாமே எடுக்காத லீவு. றெயில்வே வாறண்ட்? குடும்பத்தோடு ரயிலில் இலவசமாகப் போய்வர வருடாவருடம் கொடுப்பது. ஒன்றுகூட வாங்கவில்லை. பண்டிகை முற்பணம் மட்டும் எடுத்திருந்தார். ஏன் அதை மட்டும் என்று கேட்டேன். எல்லாரும் வரிசையில் நின்றார்களாம், அவரும் போய் நின்றாராம்.

"எங்கட நுவரெலியா பங்களாவுக்காவது ஒருக்காப் போனீங்களா அண்ணை?" என்று சும்மா கேட்டேன். மலைநாட்டிலும் திணைக்களத்துக்கு அப்படி ஒன்று இருக்கிறது.

அவர் சிரித்தார். "அது உத்தியோகத்தர்மாருக்குத்தானே மிஸ்."

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. எழுந்து அலுமாரியைத் திறந்து, அடித்தட்டிலிருந்து பங்களாக்கள் பற்றிய சுற்றுநிருபத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். 'நிரந்தர ஊழியர்கள் அனைவரும்' என்று தெளிவாக இருந்தது. அந்த வரியில் விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப, நிலாவெளியிலயும் நான் தங்கலாமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் அங்கேதானே இருக்கிறீர்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மனைவி புவனத்தைப் பற்றிச் சொன்னார். பங்களாவின் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் அத்தனை வருடமும் தோய்த்துக் காயப்போட்டு மடித்துக் கொடுப்பது புவனம் அக்காதானாம். ஆனால் குசினியின் பின்கதவுக்கு அப்பால் அவர் வந்ததேயில்லை. விருந்தினருக்கு மாடியில் ஒரே ஒரு அறை, கடலைப் பார்த்தபடி. அந்தப் படியில் அவர் கால் வைத்ததில்லை.

"மேல நிண்டு பாத்தாக் கடல் எப்பிடி இருக்கும் எண்டு கேப்பா. நான் சொல்லுவன்" என்றார்.

அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. பங்களாப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். பணிப்பாளர்கள், பொறியியலாளர்கள், கணக்காளர்கள், கிளாக்மார்... சாரதி ஒருவர்? இல்லை. காவலுக்கு நிற்கும் வோச்சர்? இல்லை. தொழிலாளி? ஒரு பெயர்கூட இல்லை. அத்தனை பக்கங்களிலும் இல்லை!

ஏன் இல்லை? யாராவது தடுத்தார்களா? ஒருவரும் தடுக்கவில்லை. சுற்றுநிருபம் என் அலுமாரிக்குள் இருந்தது, அவ்வளவுதான். நான் பொறுப்பெடுத்த நாளில் எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிவிட்டுப் போனார், இதை நோட்டிஸ் போர்ட்டில் போட்டால் பிறகு எல்லோரும் கேட்பார்கள் என்று. நானும் போடவில்லை. யாரையும் ஏமாற்ற நினைத்ததில்லை. நினைக்கவேயில்லை என்பதுதான் உண்மை.

அரசாங்க வேலையைப் பற்றிப் பேசும்போது, சம்பளம் குறைவென்றாலும் சலுகைகள் இருக்கிறதே என்று ஆட்கள் சொல்வார்கள். நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சம்பளம் மாதம் பிறந்தால் தானாகவே வங்கிக்குப் போய்விடும். சலுகை அப்படியா? அதைக் கேட்கவேண்டும். கேட்பதற்கு அது இருப்பது தெரியவேண்டும். தெரிவதற்கு யாராவது சொல்லவேண்டும்... அந்த யாராவது நானாக இருந்திருக்கிறேன்.

யோகராசா அண்ணையின் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். ஒரு சனிக்கிழமை இரவு, அவரும் மனைவியும். எங்கள் மேலதிகாரி வழக்கம்போலக் கடிதக் கட்டுக்குள் அதையும் பார்க்காமல் கையெழுத்து வைத்தார். அந்த இரண்டு நாளும் பதில் கீப்பராக எங்கள் ஒபிஸ் வோச்சர் நசீர் நானா போவதாக ஏற்பாடு. கிண்ணியாக்காரர், மீன் சமைத்தால் தெருவில் போகிறவரும் நின்று சோறு கேட்பார்.

சனிக்கிழமை மத்தியானம் நான் சோற்றில் கை வைத்தபோது நசீர் நானாவின் போன் வந்தது.

"மிஸ், இங்க ஒரு பிரச்சினையாப் போச்சு. நீங்க வந்தா நல்லம்."

தலைமையகத்திலிருந்து பெரிய உத்தியோகத்தர் ஒருவர் குடும்பத்தோடு வான் வண்டியில் வந்து இறங்கியிருக்கிறார். பதிவு செய்யவில்லை. அவருக்கு அது வழக்கமில்லை. வந்தால் அறை இருக்கும். யார் மேலே தங்கியிருப்பது என்று கேட்டாராம். கீப்பர் யோகராசா என்று நசீர் நானா சொன்னதும் முதலில் அது பகிடி என்று நினைத்தாராம்.

நிலாவெளி பஸ்ஸுக்குக் காத்து நிற்கப் பொறுமையில்லை. ஓட்டோ பிடித்துப் போனேன்.

போய்ப் பார்த்தால், விறாந்தையில் அந்த உத்தியோகத்தரும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எங்கள் மாவட்டத்துக்காரர்தான், படித்து மேலே வந்தவர். சத்தம் போடவில்லை, கோபப்படவும் இல்லை. எழுந்து நின்று என்னோடு கதைத்தார்.

"சீப் கிளாக், அந்த மனிசியைக் கொஞ்சம் இறங்கச் சொல்லுங்கோ. அவைக்குப் பின்னறை பழக்கம்தானே."

அதை அவர் சிரித்த முகத்தோடு சொன்னார். மிச்சத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்கு இப்படி இருந்திருக்காது.

குசினிக்குப் போனேன். அங்கே அதைவிடப் பெரிய அதிர்ச்சி. புதுச் சேட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு யோகராசா அண்ணை மீன் வெட்டிக்கொண்டிருந்தார்! விருந்தாளி! பக்கத்தில் நசீர் நானா செய்வதறியாமல் நின்றார். கத்தியைத் தரச் சொல்லி எத்தனையோ தரம் கேட்டாராம், அண்ணை கொடுக்கவில்லையாம். நீங்கள் ஏன் இங்கே என்று கேட்டேன்.

"ஐயா வந்திட்டார் மிஸ். நான் வேற எங்க நிக்கிறது?"

அவருக்கு அது கேள்வியே இல்லை.

மாடிக்கு ஏறினேன். அறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டி, நான்தான் என்று சொன்னேன். உள்ளேயிருந்து புவனம் அக்காவின் குரல் வந்தது. அழுகிற குரல் அல்ல.

"மிஸ், பதிவுத் துண்டு என்ர கையில இருக்கு. நாளைக்குக் காலமை பத்து மணி எண்டு போட்டிருக்கு. பத்து மணிக்குத் திறக்கிறன்."

அண்ணையைக்கூட உள்ளே விடவில்லையா என்று கேட்டேன்.

"அவர் வந்தாக் கதவைத் திறந்து குடுத்திடுவார். அதான் அவரையும் விடேல்ல."

படியில் நின்றபடி நான் யோசித்துக்கொண்டிருக்க, என் போன் அடித்தது. எங்கள் மேலதிகாரி. கீழே இருந்தவர் அதற்குள் அவருக்குச் சொல்லிவிட்டார். ஒரு இரவுதானே, எப்படியாவது சமாளிக்கச் சொன்னார். கீப்பருக்கு அடுத்த கிழமை கொடுக்கலாமாம்.

உங்களிடம் மறைப்பானேன்? எனக்குப் பயமாக இருந்தது. என் பதவி உயர்வுக்கான சிபாரிசு எங்கள் மேலதிகாரியின் மேசையில்தான் கிடக்கிறது. சமாளியுங்கோ என்று அவர் சொன்னபோதெல்லாம் ஓம் சேர் என்று சொல்லியே இவ்வளவு காலமும் சேவை செய்திருக்கிறேன். அன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினேன்.

"ஓம் சேர். நீங்கள் ஒரு வரி எழுத்தில தாங்கோ. வட்ஸ்அப்பில எண்டாலும் காணும். பதிவை ரத்துச் செய்யிறன்."

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு நான் என்ன செய்தேன் என்று விளங்கும். வாயால் சொல்வதற்கு ஆயிரம் பேர் இருப்பார்கள். எழுதிக் கையெழுத்து வைக்க ஒருவர் வரமாட்டார். கொஞ்சம் பொறுத்து, தான் அவரோடு கதைப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். படியிலேயே உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. எழுத்தில் ஒன்றும் வரவில்லை.

கீழே இருந்தவருக்குப் போன் வந்தது. கதைத்து முடித்துவிட்டு, பிள்ளைகளை வானில் ஏறச் சொன்னார். அந்தக் கரையில் ஹோட்டலுக்குப் பஞ்சமா? போகும்போது யோகராசா அண்ணையைக் கூப்பிட்டு, தேத்தண்ணிக்கென்று சேட்டுப் பைக்குள் ஒரு நோட்டைச் சொருகினார். அண்ணை அதைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் உடம்பு கூசியது.

உத்தியோகத்தரின் மனைவி மட்டும் வானில் ஏறுமுன் என் பக்கம் வந்து, இவர்களுக்கும் உண்மையாகவே உரிமை இருக்கிறதா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இருக்கிறது என்றேன். தனக்குத் தெரியாது என்றார், முகம் வாடிப்போய். எனக்குத் தெரிந்தும் நான் யாருக்கும் சொல்லவில்லை என்பதை அவருக்குச் சொல்லவில்லை.

வான் ரோட்டில் ஏறிய பிறகுதான் கதவு திறந்தது. புவனம் அக்கா இறங்கி வந்தார். நேரே குசினிக்குள் போய்ப் புருஷனின் கையிலிருந்த கத்தியை வாங்கி நசீர் நானாவிடம் கொடுத்தார்.

"கையைக் கழுவிப்போட்டு மேல வாங்கோ" என்றார்.

அவர் கழுவினார். இரண்டு பேரும் படியேறிப் போனார்கள். நான் ஓட்டோவில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். மாடி விறாந்தையில் அவர் கையை நீட்டிப் புறாத்தீவுப் பக்கமாக எதையோ காட்ட, அக்கா கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

இத்தோடு முடிந்ததென்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு கிழமை கழித்துத் தலைமையகத்திலிருந்து விளக்கம் கோரி ஒரு கடிதம். எனக்கு என்று நினைத்துப் பதறிப் பிரித்தேன். எனக்கல்ல. யோகராசா அண்ணைக்கு! குறித்த தினத்தில் பங்களாவுக்கு வருகை தந்த உயர் அதிகாரிக்கு அறை ஒதுக்கிக் கொடுக்கக் கீப்பர் என்ற வகையில் ஏன் தவறினீர் என்று கேட்டிருந்தார்கள். ஓய்வுபெற ஒரு மாதம்கூட இல்லாத மனிதருக்கு!

அவரைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினேன். காரசாரமாக ஒரு பதில் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் மிஸ், நான் சொல்கிறேன், நீங்கள் அடியுங்கள் என்றார். அவர் சொன்னதை அலுவலகத் தமிழில் போட்டேன். அது இதுதான்:

'குறித்த தினத்தில் நான் அனுமதிக்கப்பட்ட விடுமுறையில் இருந்தேன். அன்று அப்பங்களாவின் விருந்தினர்கள் நானும் என் மனைவியுமே. கடமையிலிருந்த பதில் கீப்பர் எங்களைக் குறைவின்றிக் கவனித்தார்.'

வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். இதுவரை பதில் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை அவர் ஓய்வு பெற்றார். ஓய்வூதியப் பைலும் குறையில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது.

சுற்றுநிருபத்தை நோட்டிஸ் போர்ட்டில் போட்டுவிட்டேன். முதல் நாளே யாரோ கிழித்துவிட்டார்கள். பிரதி எடுத்து மறுபடி போட்டேன். இப்போது மூன்று விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. ஒன்று நசீர் நானாவுடையது. வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போகப் போகிறார். அங்கே குளிருக்கு என்ன உடுப்புக் கொண்டுபோக வேண்டும் என்று நேற்று என்னிடம் கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? நானும் இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அங்கே போனதில்லை.