நாலு வருஷ பேட்டரி

அண்ணனுக்கு மிஞ்சினால் ஆறு மாதம்தான் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவருடைய பழைய பைக்குக்கு பேட்டரி வாங்க ஆம்பூர் போனோம்.

"பழைய வண்டி, ஒரு வருஷ வாரண்டி போதும்" என்றார் கடைக்கார பாய். நான்தான் விடவில்லை. அண்ணனுக்குப் பிறகு அந்த வண்டி எனக்குத்தான்.

"நாலு வருஷத்துதே வாங்குண்ணா."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். என் வண்டி மேல உனக்கு இன்னாடா இவ்ளோ அக்கறை?" என்று சிரித்தவர், சட்டென்று குரலை இறக்கி, "அப்போ நாலு வருஷம் ஓட்டுவேன்றியா?" என்று கேட்டார்.

"ஓட்டாம இன்னா?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாலு வருஷ பேட்டரியையே வாங்கினார்.

அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. வண்டி எனக்கு ஒரே அழுத்தில் கிளம்புகிறது.