சூட்கேஸ் அளவுப் படங்கள்

ரொறன்ரோ, 1996. ஒஸ்லோவிலிருந்து வந்த இடத்தில், இங்குள்ள ஓவியக்கூடமொன்றில் ஒரு நோர்வே ஓவியரின் படங்களைப் பார்க்கிறேன். மூன்று அறையாக ஒரு காவலாளி என் பின்னாலேயே வருகிறார். யாழ்ப்பாண முகம். ஊரில் எவடம் என்று கேட்பார். இந்தப் போர்க்காலத்தில் யார் எதற்குக் கேட்கிறார்கள் என்றே தெரியாது. பொய்யொன்றைத் தயாராக வைத்திருக்கிறேன்.

பாரிஸ் வாழ்க்கைதான் ஓவியருக்குச் சிறிய படத்தின் நவீன அழகைக் கற்றுத்தந்தது என்கிறது சுவர்க்குறிப்பு. எனக்கு நம்பிக்கையில்லை.

"உந்தக் குறிப்பை நம்பாதேங்கோ, தங்கச்சி," என்கிறார் காவலாளி. "வெளிநாடு போகமுந்தி இவர் கீறின படமெல்லாம் சுவரளவு. போனாப்பிறகு எல்லாம் ஒரே சின்ன அளவு. வாடகை அறையெல்லோ? வீட்டை விடு எண்டால் சூட்கேசுக்குள்ளை வைச்சுக்கொண்டு வெளிக்கிட வேணும். நானும் இஞ்சை ஆறு பேஸ்மன்ற் வாடகை அறை மாறிட்டன்."

"அது உங்கடை ஊகம், அண்ணை."

"அப்ப கடைசி அறையைப் பாருங்கோ. அவர் தன்ரை ஊருக்குத் திரும்பிச் சொந்த வீட்டிலை இருந்து கீறினது."

போய்ப் பார்க்கிறேன். அந்தச் சொந்த வீட்டின் புகைப்படமும் இருக்கிறது; பெரிய வீடு. சுற்றிலும் அங்கிருந்து வரைந்த இருபது வருடப் படங்கள். ஒன்றுகூடச் சூட்கேசை விடப் பெரிதில்லை.