முன்சக்கரம் சுற்றாத ஜீப்

டெபோராவுக்குப் பிடிவாதம் கூடவே பிறந்தது என்று பேட்டையில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. மீதி, புருஷன் ஹெப்ரான் செத்த பிறகு வந்தது. அவன் விட்டுப்போனது ஒரு பழைய ஜீப். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முடிந்ததும் அவனே அவளுக்கு ஓட்டப் பழக்கியிருந்தான். ஆனாலும், பொம்பளைக்கு ஜீப் எதற்கு என்று அவன் அண்ணன் சாலமோன் அதை விற்க ஆள் பார்த்துவிட்டார்.

"புதன்கிழமை வரைக்கும் பொறுங்க அத்தான்" என்றாள் டெபோரா.

மாஞ்சோலைக்கு மேலே, அணைக்கட்டு ஏரியைச் சுற்றிப் போகும் காட்டுப்பாதைக்கு வாராவாரம் ஒரு ஜீப் தேவைப்பட்டது. அக்கரையில் நீர்மட்டம் பார்க்கும் இரண்டு பேருக்கு அரிசியும் சாமானும் போய்ச் சேரவேண்டும். அணைக்கட்டு இன்ஜினியர் கைலாசம் அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரு தடவ கொண்டுபோய்ச் சேத்துட்டீங்கன்னா வாராவாரம் நீங்கதான். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

தொண்ணூற்று நான்கின் ஐப்பசி. அந்தப் புதன்கிழமை அரிசி மூட்டைகளோடு கைலாசமும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். பாதி மலை மழையில் கரைந்து பாதையில் கிடந்தது. ஒரு பக்கம் செங்குத்தான சரிவு, மறுபக்கம் ஏரி. ஓடையைக் கடந்து கடைசி ஏற்றத்துக்கு வந்ததும் பின்சக்கரம் சேற்றில் வழுக்கியது. நாலு சக்கரத்தையும் ஓட்டும் குட்டிக் கம்பியை டெபோரா இழுத்தாள். முன்சக்கரம் அசையவில்லை.

சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்துவிட்டு அடியில் குனிந்து பார்த்தாள். முன்சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டே அங்கே இல்லை. டீசல் மிச்சம் பிடிக்க ஹெப்ரான் அதைக் கழற்றிப் போட்டிருக்கிறான். ஊருக்குள் ஓடும் பாதி ஜீப் அப்படித்தான். ஆனால் கழற்றின கையோடு பொண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? செத்த மனுஷன்மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

பாரம் குறையட்டும் என்று கைலாசம் இறங்கி நின்றார். அவள் மறுபடி ஏறி ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். சக்கரம் முன்னைவிட வேகமாக வெறுமனே சுற்றியது. ஜீப் ஏரிப்பக்கம் ஒரு சாண் நழுவி நின்றது.

"போதும்மா, நடந்தே திரும்பிருவோம்" என்றார் அவர்.

அவர் இறங்கியதும்தான் வண்டி மோசமானது என்பது டெபோராவுக்கு உறைத்திருந்தது. அரிசி மூட்டைகளைப் பின்கதவு ஓரத்துக்கு இழுத்தாள். கல் பொறுக்கி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஏற்றினாள். சக்கரத்தடியில் தழையை ஒடித்துத் திணித்தாள்.

"சார், நீங்களும் பின்னால ஏறுங்க."

"எடை கூடுனா இன்னும்லா புதையும்?"

"பின்சக்கரம் மட்டுந்தான் இழுக்குது. அதுமேல பாரம் வேணும்."

"வண்டி ஏரிக்குள்ள போயிட்டுன்னா?"

"நானும்லா கூட வாரேன்."

கைலாசம் முணுமுணுத்துக்கொண்டே ஏறி மூட்டைமேல் உட்கார்ந்தார். முதல் கியரில் பைய விட்டாள். வண்டி உறுமியது, வழுக்கியது, பிறகு பிடித்தது. அந்த நேரத்தில் அவள் ஜெபம் செய்தாள் என்று பிற்பாடு சபையில் பேசிக்கொண்டார்கள். செய்யவில்லை. மேடு ஏறி முடிகிறவரை ஹெப்ரானைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். ஏறி முடிந்ததும் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். அவனுக்காக அவள் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை. கைலாசம் ஏரியைப் பார்த்தபடி காத்திருந்தார்.

அக்கரைக் குடிசையில் அரிசியை இறக்கி, ஆளுக்கொரு டம்ளர் வரக்காப்பி குடித்தார்கள். "அடுத்த புதன்கிழமையும் வந்திருங்க" என்றார் கைலாசம். "அதுக்குள்ள அந்தத் தண்ட மாட்டிருங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மலையிறங்கியதும் மணிமுத்தாறு டெலிபோன் பூத்தில் நுழைந்து சாலமோனைக் கூப்பிட்டாள்.

"எங்கன இருக்க? வண்டி வாங்க வந்தவரு எவ்வளவு நேரமாக் காத்திருக்காரு!"

"அவருக்கு ஒரு காப்பியக் குடுத்து அனுப்பிருங்க, அத்தான். இனி வாராவாரம் புதன்கிழமை வண்டிக்கு வேலை இருக்கு."