ரயில் எத்தனை மணிக்கு?

குணசுந்தரி பேரம் பேச உட்கார்ந்தால், சென்ட்ரலில் நிற்கிற ரயில் இன்ஜினையே இரண்டு மூட்டை தவிட்டுக்கு வாங்கிவிடுவாள். அதை வீடு வரைக்கும் ஓட்டி வந்து விட டிரைவரையும் இனாமாகக் கேட்பாள். விற்றவன் அழ மாட்டான். "தண்டவாளமும் கொஞ்சம் மிச்சம் இருக்குதுக்கா, எடுத்துக்கினு போ" என்று கையெடுத்துக் கும்பிடுவான்.

இதில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். இரண்டு மூட்டை என்பது இரண்டரையாகவும் இருக்கலாம். மற்றது நிஜம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்ய பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், காண்டிராக்ட் முடிந்தால் கட்டில், ஃபேன், கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் விற்றுவிட்டுத்தான் ஊருக்கு ரயில் ஏறுவார்கள். அந்த அறைகளில் எதையாவது வாங்கப் போகிற தெருக்காரர்கள் குணசுந்தரியை முன்னால் விட்டுவிட்டு, பின்னால் நல்ல பிள்ளை போல நிற்பார்கள். அவள் கமிஷன் வாங்க மாட்டாள். ஒரு டீ, சர்க்கரை தூக்கலாக. அவ்வளவுதான்.

பொருளை அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. தடவிப் பார்த்து, "நல்லா வெச்சிக்கினுகீற தம்பி, எங்க ஊட்ல கூட இவ்ளோ சுத்தம் இல்ல" என்பாள். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி ஒன்று கேட்பாள்.

"ரயிலு எத்தன மணிக்கு?"

பையன் வெகுளியாகச் சொல்லிவிடுவான். அதோடு கதை முடிந்தது. குணசுந்தரி அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். ரயில் கிட்டே வர வர விலை கீழே இறங்கும். அவள் வாயே திறக்க வேண்டாம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. எதிர்வீட்டு அன்புராஜுக்கு வயது பதினேழு. கணக்கும் அறிவியலும் பத்தாம் வகுப்பிலேயே அவனைக் கைவிட்டுவிட்டன. ஆனால் பத்துப் பேர் குரலில் பேசுவான், தெருக்கதைகளைப் போனில் எழுதி ஊரெல்லாம் அனுப்புவான். அவள் போவதற்கு முன்னால் அவன் விற்கிறவனுக்குப் போன் போட்டு, "அந்தக் கட்டிலா? விறகுக்கு ஆவும். முந்நூறு தரேன்" என்று எகத்தாளம் பண்ணுவான். மனசு உடைந்து உட்கார்ந்திருக்கிறவனிடம் குணசுந்தரி போய் எண்ணூறு என்றால், அவனுக்குக் குலதெய்வமே படியேறி வந்த மாதிரி இருக்கும்.

அவள் வீட்டு இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜும் அப்படி வந்ததுதான். மாற்றலாகிப் போன ஒரு கம்பெனி மேனேஜர் பதினைந்தாயிரம் சொன்னார். சாமான் ஏற்றுகிற லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. ஆறாயிரத்துக்கு முடித்தாள். ஒரே ஒரு குறை. கீழ்க் கதவின் ரப்பர் தளர்ந்துவிட்டதால், மூடும்போது முழங்காலால் ஒரு இடி இடிக்க வேண்டும். அந்த இடி அவளுக்கும் புருஷன் குப்புராஜுக்கும், தினமும் வந்து ஐஸ் தண்ணி குடிக்கிற எதிர்வீட்டுக்காரனுக்கும் அத்துப்படி.

பங்குனி மாதம் அவள் கழனியின் போர்வெல் மோட்டார் புகைந்து நின்றது. ஏற்கெனவே இரண்டு முறை காயில் கட்டிய மோட்டார். மெக்கானிக் அதைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இத எடைக்குப் போட்டுடுக்கா" என்றான். ஒரு ஏக்கர் நவரை நெல், கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரம். பக்கத்துக் கழனிக்காரர் இரண்டு நாள் தண்ணீர் விட்டார். அவர் கிணறும் அடித் தண்ணீர்தான். மூன்றாம் நாள் அவர் மடையைத் திருப்பிக்கொண்டார். குணசுந்தரியின் கம்மல் நடவுக்கே அடகுக்குப் போயிருந்தது. குப்புராஜ் செக்யூரிட்டி வேலை பார்க்கிற கம்பெனியில் இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை.

பொதட்டூர்பேட்டையில் பரசுராமன் என்கிற விவசாயி பழைய மோட்டார் ஒன்று விற்பதாகத் தெரிந்தது. பதினாறாயிரம் சொன்னவரை போனிலேயே பதிமூன்றரைக்கு இறக்கினாள். "சனிக்கிழம சாய்ந்தரம் வரிக்கும் வெச்சிருப்பன். அப்பறம் திருத்தணி பார்ட்டி தூக்கினு போயிடும்" என்றார் அவர். கையில் இருந்தது நாலரை. இன்னும் ஒன்பதாயிரம் வேண்டும்.

ஃப்ரிட்ஜைப் படம் எடுத்துப் பழைய பொருள் குரூப்பில் போட்டான் அன்புராஜ். விலை பன்னிரண்டாயிரம். கீழ்க் கதவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை பழவேற்காட்டிலிருந்து ஹபிபுல்லா பாய் வந்தார். கூல்டிரிங்க்ஸ் கடை வைத்திருப்பவர். வெயில் காலம் தொடங்கிவிட்டது, இரண்டாவது ஃப்ரிட்ஜ் தேவை. அவர் வந்ததிலிருந்து குணசுந்தரி கீழ்க் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டே நின்றாள். மேல்கதவைத் திறந்து காட்டினாள், பின்பக்கம் காட்டினாள், ஐஸ் காட்டினாள். முதுகை மட்டும் எடுக்கவில்லை.

"நல்லா வெச்சிருக்கிறம்மா" என்றார் பாய்.

அது அவளுடைய வசனம்.

"இவ்ளோ நல்ல பொருள எதுக்கும்மா குடுக்குற?"

"பெரிசு வாங்கப் போறோம் பாய்."

பாய் தலையாட்டினார். அவர் கண் மெதுவாக வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, கழனிக்குப் போயிற்று. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தார்.

அவர் அவளுடைய ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டார்.

"ஏழாயிரத்து ஐநூறு" என்றார்.

"பாய், ஏழரைக்கு இந்தக் காலத்துல மண்பான கூட வராது!"

"நான் மண்பானக்கி வரலயேம்மா."

அவள் பதினொன்று என்றாள். அவர் எட்டு என்றார். அவள் சிரித்துப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், டீ போட்டுக் கொடுத்தாள். எத்தனையோ பேரிடம் அவள் எடுத்த அதே நிதானத்தை அவரும் எடுத்தார். தன்னோடு தானே மல்லுக்கட்டுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. கடைசியில் அவர் எழுந்து செருப்பை மாட்டினார்.

"ஒம்பது. பணம் இப்பவே எண்ணித் தரேன். வண்டி கூட ரோட்டு முனைலதான் நிக்குது."

ஒன்பதும் நாலரையும் பதிமூன்றரை. 'சரி' என்று சொல்ல வாயெடுத்தாள். போன் அடித்தது. புது நம்பர்.

"ஏம்மா, நான் ஊத்துக்கோட்டைலர்ந்து பேசறன். ஃப்ரிட்ஜி கீதா, போச்சா?" கட்டைக் குரல், பாதித் தெலுங்கு வாடை.

"கீதுங்க."

"பன்னண்டாயிரம் தானே? எட்த்து வெய்யி. நாள காலைல வண்டியோட வரேன்."

"பாத்துட்டு சொல்லுங்களேன்..."

"பாக்கறதுக்கு இன்னா கீது? எங்க ஊட்ல ஆம்பளைங்க நாலு பேரும்மா, கீழ கதவ இடிச்சி மூட ஆளா இல்ல? வெய்யி, வரேன்."

பன்னிரண்டாயிரம் என்ற வார்த்தை அவள் காதை அடைத்துக்கொண்டது. அதற்கப்புறம் சொன்னது எதுவும் உள்ளே இறங்கவில்லை. மோட்டார், ஏற்றுகூலி, பைப்பு, மருந்தடிக்கக்கூட மிச்சம். போனைக் கீழே வைத்தபோது அவள் நின்ற நிலையே மாறியிருந்தது.

"பன்னண்டுக்கு ஆளு வந்துட்டாங்க பாய். நீங்க பதினொன்னு குடுத்தா உங்களுக்கே தரேன்."

பாய், "நல்ல வெலதாம்மா. உடாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புதன் காலை ஃப்ரிட்ஜைத் துடைத்து வைத்துவிட்டு வாசலில் நின்றாள். பத்து மணிக்கு அந்த நம்பருக்குப் போட்டாள். சுவிட்ச் ஆஃப். பன்னிரண்டுக்குப் போட்டாள். மூன்றுக்குப் போட்டாள். அன்புராஜ் அன்று ஐஸ் தண்ணிக்கு வரவில்லை. சாயங்காலம் கழனியில் இறங்கினாள். இலைகள் பீடி மாதிரி சுருண்டிருந்தன. ஒரு கதிரைக் கிள்ளி நசுக்கினாள். விரலில் பால் ஒட்டவில்லை, லேசான ஈரம் மட்டும். ரோட்டோரக் கழனி வெளுத்துவிட்டது. அவள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்தாள். குப்புராஜ் வேலை விட்டு வந்து கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

வியாழக்கிழமை பாய்க்கு அவளே போன் போட்டாள். வாழ்நாளில் முதல் தடவை, மறைக்காமல் சொன்னாள்.

"பயிரு காயுது பாய்."

அந்தப் பக்கம் பாய் பெருமூச்சு விட்டது கேட்டது. "நேத்து பொன்னேரில ஒன்னு வாங்கிட்டேம்மா. உனக்காக வேணா இன்னொன்னு எடுத்துக்கறேன். ஆனா ஏழரைக்கு மேல என்னால முடியாது."

வந்தார். இந்த முறை முதுகைச் சாய்க்க அவளுக்குத் தெம்பில்லை. கீழ்க் கதவு தானாகவே வாயைப் பிளந்தது. பாய் இரண்டு முறை மூடிப் பார்த்தார்.

"இந்தக் கதவு விஷயத்த நீ யாருக்கும் சொல்லலியேம்மா."

"ஆமாம் பாய், யாருக்கும் சொல்..." அவள் பாதியில் நிறுத்தினாள். எதிர்வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த ஜன்னல் சாத்தியிருந்தது.

கதவுக்கு ஐநூறு பிடித்துக்கொண்டு ஏழாயிரம் எண்ணினார். ஃப்ரிட்ஜ் போன இடத்தில் தரை சதுரமாக வெளுத்துக் கிடந்தது.

இரண்டாயிரம் துண்டு விழுந்தது. வெள்ளிக்கிழமை பரசுராமனுக்குப் போட்டாள்.

"நைனா, பதினொன்னரைக்கு முடிச்சிக் குடு. இப்பவே வரேன்."

"டப்பு டப்புதாம்மா, ஒரு ரூபா கொறையாது. அது சரி, பயிரு எந்த நெலமைல கீது? பால் புடிச்சிருச்சா?"

கேட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால் ஒரு ரூபாய் இறங்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியாதா? எத்தனை பேரை இந்தக் கேள்வியால் அறுத்தவள்!

"இன்னும் சின்னப் பயிருதான் நைனா. ஒன்னும் அவசரம் இல்ல."

"அப்ப நல்லதா போச்சி. திருத்தணி பார்ட்டிக்குத்தான் அவசரமாம். அவங்களுக்குக் குடுத்துடறேன். நீ நிதானமா வேற பாத்துக்கோ."

"நைனா! நைனா, இல்ல..." என்று அவள் கத்திய கத்தலில் குப்புராஜ் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஓடி வந்தான். "பால் புடிச்சிருச்சி நைனா. பொய் சொல்லிட்டேன். நாளைக்கு சாய்ந்தரம் வரிக்கும் வெய்யி. மன்னிச்சிடு."

"பதிமூணரையோட வா" என்று போனை வைத்தார் அவர்.

அன்று முழுக்கச் சொந்தக்காரர் வீடு மூன்று ஏறி இறங்கினாள். எல்லார் வீட்டிலும் டீ கொடுத்தார்கள்.

சனிக்கிழமை காலை, போர் குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வரப்பு மேலே அன்புராஜ் வந்தான். நான்கு நாளாக ஆள் கண்ணில் படவில்லை. கையில் நான்கு ஐநூறு ரூபாய்த் தாள்.

"இந்தாக்கா. பாய் குடுத்தாரு. மனசு கேக்கலயாம்."

"பாயா?"

"ஆமாக்கா. பாவம்னாரு."

"பழவேற்காட்லர்ந்து வந்து உன் கைல குடுத்துட்டு, என் மூஞ்சியக்கூட பாக்காம போயிட்டாரா?"

"வரலக்கா, ஜிபேல போட்டாரு. நான் எட்த்தாந்தேன்."

"போன காட்டு."

அவன் சட்டைப் பையைத் தொட்டான். கால்சட்டைப் பையைத் தொட்டான். இரண்டும் தட்டையாக இருந்தன.

"ஊட்ல கீதுக்கா."

"தூங்கும்போதுகூட நெஞ்சு மேல வெச்சிக்கினு படுக்கறவன், ஊட்ல உட்டு வந்தியா?" அவள் குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஊத்துக்கோட்டைக்காரனுக்கு என் ஊட்டுக் கீழ் கதவ இடிச்சி மூடணும்னு எவன்டா சொன்னான்?"

அன்புராஜ் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். கூட்டாளி சிம்மில் பேசினானாம். முந்நூறுக்குக் கேட்டு விலையை இறக்குகிற தந்திரத்தைத் திருப்பிப் போட்டால் ஏறும் என்று நினைத்தானாம். பாய் பத்தாவது கொடுப்பார் என்று பார்த்தானாம். அவர் எழுந்து போனதும் சொல்ல வாய் வரவில்லையாம். சொல்லும்போது மூக்கு ஒழுகியது. பத்துக் குரலில் ஒன்றும் அப்போது உதவிக்கு வரவில்லை.

அவள் பயிரைப் பார்த்தாள். ரோட்டோரக் கழனி போனது போனதுதான். இந்தப் பக்கம் இன்னும் பச்சை இருந்தது.

"போன எவ்ளோக்குக் குடுத்த?"

"ரெண்டாயிரம்."

"நீ எவ்ளோ கேட்ட?"

"கேக்கலக்கா. கடக்காரன் ரெண்டாயிரம்னான். சரின்ட்டேன்."

"அவசரம்னு சொன்னியா?"

தலையாட்டினான்.

குணசுந்தரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. "நாலாயிரம் போவும்டா அந்த போனு! எதிர் ஊட்ல நான் ஒருத்தி செத்தா பூட்டேன்? என்ன இட்டுக்கினு போவக் கூடாதா?"

பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்தாள். பரசுராமனுக்குப் போன் போட்டு, கிளம்பிவிட்டதாகச் சொன்னாள். மோட்டாரைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். "எழுந்திரு" என்றாள்.

ஷேர் ஆட்டோவுக்கு ரோட்டில் நிற்கும்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

"நான் ரயிலு இன்ஜின தவிட்டுக்கு வாங்கனேன்னு ஊரெல்லாம் எழுதறவன் தானே நீ? இதையும் எழுதுவ. எழுது. ஆனா அந்த ஊத்துக்கோட்டைக்காரன் எவன்னு கடைசி வரிக்கும் மறைச்சிக்கினே போவாத."