ஓடையா, சேறா?

வாசகி ஒருவர் இந்த வாரம் கேட்டிருக்கிறார்: ஓடை, வாய்க்கால், சதுப்பு – எல்லாவற்றிலும் இருப்பது தண்ணீர்தானே, எதற்கு இத்தனை பெயர்கள்?

அகராதியை எடுத்தேன். பிரிப்பதற்குள் பூங்காவனத்தின் நினைவு வந்துவிட்டது.

எழுபதுகளின் இறுதியில் ஜமுனாமரத்தூருக்கு அருகே ஒரு மலைக்கிராமத்தில் நான் ஆசிரியை. அங்கே அண்ணனும் தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொண்டனர். கோடையிலும் ஈரம் காயாத பள்ளம் ஒன்று அண்ணன் பங்கில் விழுந்தது. அவர் மனைவிதான் பூங்காவனம். கீழே, தம்பி மனைவி செல்லம்மாவின் கேழ்வரகு நாற்று வாடிக்கொண்டிருந்தது. நாற்று போனால் அந்த வருடச் சாப்பாடு போயிற்று.

ஊர் வழக்கம் இது: ஓடுகிற தண்ணீர் பொது, நிற்கிற தண்ணீர் நிலத்துக்காரருக்கு. ஆகவே செல்லம்மா அதை ஓடை என்றாள். பூங்காவனம் சேறு என்றாள்; சதுப்புக்கு அங்கே அதுதான் பெயர். இந்த இரண்டு சொற்களைத் தவிர அவர்களிடையே வேறு பேச்சே இல்லை.

தீர்த்து வைக்க ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் வந்தார். முறை எளிது. தண்ணீரில் ஒரு மூங்கிலிலையை விடுவார்கள். கவுண்டர் ஒரு வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் இலை நகர்ந்தால் ஓடை, நகராவிட்டால் சேறு.

ஊரே குனிந்து பார்த்தது. செல்லம்மாவின் கணவர் சற்று அதிகமாகவே குனிந்தார்.

“இன்னா தம்பி... ஊதித் தள்ளலாம்னு பாக்கறியா?” என்றாள் பூங்காவனம். அவரே சிரித்துவிட்டார்.

கவுண்டர் வெற்றிலையைத் துப்பினார். மூங்கிலிலை விட்ட இடத்திலேயே கிடந்தது. செல்லம்மா யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் பார்க்கிறேன் – பூங்காவனம் முழங்கால் சேற்றில் நின்று, செல்லம்மாவின் கீழ்நிலத்தை நோக்கி மண்ணை வெட்டிக்கொண்டிருக்கிறாள். ஜெயித்தவள் எதற்காக வெட்ட வேண்டும்? கேட்டேன்.

“என்துன்னு ஆய்ட்ச்சி இல்லீங்களா, டீச்சர்? இப்ப நான் குடுத்தா அது குடுத்தது. நேத்து வரைக்கும் அவ எடுத்துக்கினு போறதா இல்ல இருந்திச்சி?”

மண்வெட்டிச் சத்தம் கேட்டுச் செல்லம்மா வரப்பில் வந்து நின்றாள். பிறகு தன் மண்வெட்டியை எடுத்துவந்து, கீழிருந்து மேல்நோக்கி வெட்டத் தொடங்கினாள்.

“அக்கா... அங்க கல்லு கீது. இப்பிடி வளைச்சி வா.”

ஓடை என்ற சொல்லைத் தவிர, பல நாட்களுக்குப் பிறகு செல்லம்மா அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

வாசகிக்கு என் பதில்: ஓடை தானாக ஓடும், சதுப்பு தானாக நிற்கும், வாய்க்காலுக்குத்தான் ஆள் வேண்டும் – இரண்டு பேராக இருந்தால் கல்லையும் சுற்றிக்கொண்டு போகலாம்.