ஆறுமணிக் குருவி

மழைக்கு முன் உப்புக் குவியலுக்கு ஓலை போடும்போது, ஓலைக்கட்டின் அடியில் ஆறுமணிக் குருவி ஒன்று செத்துக் கிடந்தது. பச்சை முதுகு, சிவந்த வயிறு, தையற்காரன் துணி போதாமல் விட்டதுபோல் குட்டை வால். ஒரு பிடி உப்புகூட அதைவிடக் கனக்கும். இறங்க இடம் தேடிச் சுற்றியிருக்கும்.

வருஷா வருஷம் ஐப்பசியில் வடக்கிலிருந்து வந்து, உப்பளத்துக்கு மேற்கே இருந்த ஐயனார் காட்டில்தான் அது இறங்கும். சுள்ளி பொறுக்கினாலே சாமி குத்தம் என்று யாரும் கை வைக்காத காடு. பகலிலும் இருட்டு, மக்கிய இலையின் ஈர வாசனை, அந்த இலையைக் கிளறிப் புழு தேடும் குருவி சித்திரைவரை காலையும் மாலையும் ஆறு மணிக்கு விசில் அடிக்கும். மாலை விசிலைக் கேட்டுத்தான் உப்பளத்தில் எல்லோரும் உப்பு வாரும் பலகையைக் கழுவிவிட்டுக் கரையேறுவார்கள். பத்து வயதில் நான் வரப்புக்குப் பின்னால் ஒளிந்து, ஐந்து மணிக்கே அதே விசிலை அடித்து அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினேன்.

"ஏம்பா, உன் குருவிக்கு வாட்ச் வேகமா ஓடுதா?" என்று மேஸ்திரி காதைத் திருகினார்.

பிறகு அதே சாமியைக் கும்பிட வருகிறவர்கள் கார் நிறுத்துவதற்காகக் காட்டை வெட்டி சிமெண்ட் போட்டுவிட்டார்கள்.

குருவியைப் புதைத்துவிட்டு, மேற்கே பார்த்து விசில் அடித்தேன். முன்னெல்லாம் பதில் வரும்.

அன்று என்னிடம் ஏமாந்த செல்வியக்கா குவியல் மேலிருந்து திரும்பினாள். "டேய், மணி அஞ்சுதானே ஆவுது?"

"இன்னிக்கு நெஜமாவே ஆறுக்கா."

அக்கா செல்போனைப் பார்த்தாள். ஆறுதான். கொஞ்ச நேரம் மேற்கே காது கொடுத்து நின்றாள். பிறகு அடுத்த ஓலையை எடுத்துத் தரச் சொன்னாள்.